எல்.இ.டி போன்ற ஒளி உமிழும் குறைகடத்திகளை ஆராயும் இயற்பியலாளரின் வேலை எப்படி இருக்கும்?

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போவதாகவும், இந்தத் துறைக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. லைட்டிங் கம்பெனி ஒன்றில் வந்திறங்கும் எல்.இ.டி ரீல்களை (சில்லுகளை வரிசையாகப் பதித்துச் சுற்றிய நாடாச் சுருள்களை) சோதிக்கும் பிரிவில் வேலை. ஆனால் அந்த ஆராய்ச்சியின் லட்சணம் எங்கள் மேசைக்கே வந்துவிடும். ரீல் லேபிளில் 'பின்' (bin) எண், அதாவது எந்த நிறப் பிரிவு என்று சொல்லும் எண், ஒன்று இருக்கும். ஒரே தகட்டில் படிகமாக வளர்ந்த சில்லுகள்கூட ஒரே நீலமாக இருக்காது. அளந்து, நிறவாரியாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். வளர்க்கும்போது உலையில் சில டிகிரி கூடக் குறைய இருந்தால் போதும், படிகத்தில் சேரும் இண்டியம் என்ற உலோகத்தின் அளவு மாறி நிறமும் நகர்ந்துவிடும். அதனால் இந்த வேலையில் ஒளியைப் பார்க்கும் நேரம் கொஞ்சம், உலையோடு மல்லுக்கட்டும் நேரம்தான் அதிகம்.

இதற்கு, நீல எல்.இ.டியை உருவாக்கியவர்களில் ஒருவரான இசாமு அகாசாகியின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1929-இல் ஜப்பானின் ககோஷிமா மாகாணத்தில் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1952-இல் கோபே கோக்யோ கம்பெனியில் சேர்ந்தார். அங்கே படக்குழாய்களின் ஒளிர்திரை வேலை. பிறகு நகோயா பல்கலைக்கழகம், 1964 முதல் மட்சுஷிதா கம்பெனியின் டோக்கியோ ஆய்வகம், 1981-இல் மறுபடி நகோயா. கம்பெனிக்கும் கல்லூரிக்கும் இப்படிப் போய் வருவது இந்தத் துறையில் சகஜம்.

சிவப்பு எல்.இ.டி 1962-லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் கைக்கு எட்டவில்லை. காலியம் நைட்ரைடு தோதான பொருள் என்பது தெரியும், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகம் 1970-களின் தொடக்கத்தில் அதில் முயன்று பார்த்துக் கைவிட்டது. நல்ல படிகம் வளரவில்லை, பி-வகையாக (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான 'துளைகள்' மின்சாரத்தைக் கடத்தும் வகையாக) மாற்றவும் முடியவில்லை. பலரும் ஜிங்க் செலினைடு என்ற வேறொரு பொருளின் பக்கம் சாய்ந்தார்கள். அகாசாகி 1973-இல், 44 வயதில், காலியம் நைட்ரைடைக் கையில் எடுத்தார்.

அவர் ஏன் விடவில்லை? வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1970-களின் பிற்பகுதியில், சொரசொரப்பாக, விரிசலும் குழியுமாக வளர்ந்த தன் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இடையிடையே மிகச் சிறிய, தெளிவான படிகத் துணுக்குகள் கண்ணில் பட்டன. துணுக்கு இவ்வளவு சுத்தமாக வளர முடியுமானால் தகடு முழுக்கவும் முடியும் என்று கணக்குப் போட்டார். பொருளில் கோளாறு இல்லை, வளர்க்கும் முறையில்தான் கோளாறு. அதன்பின் எம்.ஓ.சி.வி.டி முறைக்கு மாறினார். உலோகம் சேர்ந்த கரிமச் சேர்மத்தின் ஆவியையும் அம்மோனியாவையும் சூடான தகட்டின் மேல் பாய்ச்சிப் படிகம் வளர்க்கும் முறை அது.

நகோயாவில் அவரிடம் வந்த மாணவர் ஹிரோஷி அமானோ. அடியில் வைக்கும் தகடு சபையர். அதன் அணு இடைவெளிக்கும் காலியம் நைட்ரைடின் இடைவெளிக்கும் சுமார் 16 சதவீத வித்தியாசம். ஓர் அளவுச் செங்கல் வரிசைமேல் வேறு அளவுச் செங்கலை அடுக்கினால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். அமானோ தகட்டைச் சாய்த்து வைத்தார், வாயுவின் வேகத்தைப் பல மடங்கு கூட்டினார். மாதக்கணக்கில் எதுவும் உருப்படவில்லை. 1985-இல், குறைந்த வெப்பநிலையில் மெல்லிய அலுமினியம் நைட்ரைடு படலம் ஒன்றை முதலில் படியவிட்டு, பிறகு சூட்டை ஏற்றிக் காலியம் நைட்ரைடை வளர்த்தார்கள். கண்ணாடி போல வழவழப்பான படிகம் வந்தது. பழைய உலை அன்று போதிய சூடு ஏறாமல் சண்டித்தனம் செய்ததும் இந்த யோசனைக்கு ஒரு காரணம் என்பார்கள்.

பி-வகைக்கு இன்னும் நாலு வருஷம். மெக்னீசியம் கலந்த படிகத்தின்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது அது பி-வகையாக மாறியது. 1989-இல், பி-வகையையும் எலக்ட்ரான்கள் கடத்தும் என்-வகையையும் ஒட்டவைத்த பி-என் சந்தி எல்.இ.டி. அகாசாகிக்கு அப்போது 60 வயது. ஏன் அப்படி மாறுகிறது என்ற விளக்கத்தைத் தந்தது ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் இருந்த ஷூஜி நகமுராவின் குழு: வளரும்போது உள்ளே புகுந்த ஹைட்ரஜன் மெக்னீசியத்தைக் கட்டிப்போட்டிருந்தது. நைட்ரஜன் சூழலில் சூடாக்கினாலே அது விலகிவிடும். கற்றையைவிட இது தொழிற்சாலைக்கு ஆயிரம் மடங்கு வசதி. 1993-இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.இ.டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் பரிசு 2014-இல்.

இப்போது நுழைபவருக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. நீலத்தில் கிடைக்கும் திறன் பச்சையில் கிடைப்பதில்லை. கிருமி கொல்லும் புற ஊதா எல்.இ.டிகள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. திரைகளுக்கான மைக்ரோ எல்.இ.டியில் சில்லு சிறுக்கச் சிறுக்க ஓரங்களில் இழப்பு கூடுகிறது. பிஎச்.டி.க்கு இடம் தேடும்போது பேராசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: படிகத்தை இங்கேயே வளர்க்கிறீர்களா, வெளியில் வாங்கி அளக்க மட்டும் செய்கிறீர்களா? இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் உலை இருக்கும் ஆய்வகத்தில், அதை மாணவர்களையே ஓட்ட விடுகிறார்கள் என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போகச் சொல்வேன்.