கேமரா பேட்டரி: இந்த வாட்டி வந்த கேள்விகள்

பழைய கேனான் பவர்ஷாட் கேமரா, ரெண்டு டபுள் ஏ (பென்சில் செல்) போடறது. புது செல் போட்டும் இருபது படத்துல படுத்துடுது. கேமரா போச்சா சார்?

கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க போட்டது ரிமோட்டுக்குப் போடற பத்து இருபது ரூபா செல்லா இருக்கும். அல்கலைன் கூட அவசரத்துக்குத்தான், ஃப்ளாஷ் சார்ஜ் ஆகறப்ப வோல்டேஜ் சரிஞ்சுடும், கேமரா செல் காலின்னு நெனச்சு ஆஃப் ஆயிடும், அதே செல்லை சுவர்க் கடிகாரத்துல போட்டா மாசக்கணக்கா ஓடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் நாலு வாங்குங்க, ஜோடி பிரிக்காதீங்க, ஒண்ணா போட்டு ஒண்ணா சார்ஜ் பண்ணுங்க.

அந்த ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தானே, கம்மியாச்சே, கேமரா ஓடுமா?

ஓடும். நிக்கான் கூல்பிக்ஸ் எல் சீரிஸ்னா மெனுல பேட்டரி டைப்பை மாத்துங்க. மாத்தாம "சார்ஜ் தப்பா காட்டுது"ன்னு எழுதாதீங்க.

14500ன்னு நம்பர் போட்ட லித்தியம் செல்லும் டபுள் ஏ சைஸ்தானே, போடலாமா?

சைஸ் ஒண்ணு, வோல்டேஜ் 3.7. ரெண்டு போட்டா 7 வோல்ட்டுக்கு மேல, கேமரா உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போயிடும். போடாதீங்க.

ஆன்லைன்ல 4600 எம்ஏஎச் டபுள் ஏ நாலு 300 ரூபா, வாங்கலாமா?

இதைக் கேக்காத மாசமே இல்ல. எம்ஏஎச்ங்கறது செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற கணக்கு. டபுள் ஏ சைஸ்ல நல்ல கம்பெனி நிக்கல் செல்லே 2700, 2800 தாண்டறதில்ல, 4600 ஸ்டிக்கர்லதான் இருக்கு. நான் டெஸ்ட் பண்ற சார்ஜர்ல போட்டுப் பாத்த ஒரு ஜோடி ஆயிரத்தைக்கூடத் தொடல. கையில தூக்கினாலே தெரியும், நல்ல செல் 25 கிராமுக்கு மேல இருக்கும், இது காத்தாட்டம் இருக்கும். 2005ல சான்யோ கொண்டாந்த எனலூப் ரீசார்ஜபிள் செல், இப்ப பானசோனிக் கையில, அவங்களே சாதா மாடல்ல 2000 சொச்சம்தான் போடறாங்க, ஆனா பீரோல ஒரு வருஷம் கிடந்தாலும் சார்ஜ் பெருசா இறங்காது, அதுதான் காசு. லித்தியம் பேக்லயும் இதே கூத்துதான்: சோனி கேமராவுக்குப் போடற என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி ஒரிஜினல் சுமாரா ஆயிரம் எம்ஏஎச், அதே டப்பாவுல 2000ன்னு ஒட்டி விக்கறான், எங்க அடைச்சான்? அப்படி வாங்கின ஒண்ணு உப்பிப்போய் ஸ்லாட்டை விட்டு வெளிய வரமாட்டேன்னுடுச்சு.

ஜனவரில லடாக் போறோம், எத்தனை பேட்டரி?

குறைஞ்சது மூணு. ஸ்பேரை உள்சட்டை பாக்கெட்ல வைங்க, குளிர்ல காலின்னு காட்டறது சூடானா திரும்ப ஓடும். ஃப்ளைட்ல ஸ்பேர் கைப்பையிலதான், செக்-இன்ல போடாதீங்க. டபுள் ஏ கேமராவா? ரீசார்ஜ் பண்ணாத லித்தியம் டபுள் ஏ, விலை ஜாஸ்தி, மைனஸ்லயும் தாங்கும். இதுலயும் ஜோடி பிரிக்காதீங்க.

என் கேமராக்கு நல்ல பேட்டரி சொல்லுங்க.

எந்த கேமரா? பேட்டரியைக் கழட்டி அதுமேல இருக்கற நம்பரைப் பாத்து எழுதுங்க.