கசிவைக் கண்டுபிடித்த இரவு

அன்புள்ள ஐயா,

வயது இருபத்தேழு, ஊர் சாவகச்சேரி. உயர்தரம் மூன்று முறை எழுதியும் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. ஐந்து வருடங்களைப் புடைவைக் கடையில் வீணாக்கினேன். இப்போது குளிர்சாதனப்பெட்டி, வளிச்சீராக்கி திருத்தும் பயிற்சியில் இருக்கிறேன். குளிரூட்டும் வாயு பாவனையில் தீராது, குறைந்தால் எங்கோ கசிகிறது என்றார் ஆசிரியர். சவர்க்கார நுரை பூசி முதல் கசிவைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. மாமாவோ, "இதற்காகவா இவ்வளவு படித்தாய்?" என்கிறார். எனக்கு வழி கிடைத்துவிட்டதா, இல்லை இது புதுமோகமா?

க.

அன்புள்ள க.,

கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். பதில் அதற்கு முன்பே, அந்த நித்திரை வராத இரவில் இருக்கிறது. சான்றிதழோ சம்பளமோ கிடைத்து மகிழ்ந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். நீங்கள் மகிழ்ந்தது ஒரு பழுதின் காரணம் பிடிபட்டதற்காக. கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பிக் காசு வாங்கிப் போகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. சில மாதங்களில் பெட்டி மறுபடியும் சூடேறும்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தது யார்? சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையைச் செய்து தந்தவர்கள் கராச்காரர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த கராச்சில் வாத்தியார்மாரும் வரிசையில் நின்றார்கள். கராச்காரருடைய பரீட்சைப் பெறுபேற்றை ஒருவரும் கேட்டதில்லை.

ஆனாலும் மாமாவின் பயத்தில் பாதி நியாயம். பயிலுநர் காலத்துக் கொடுப்பனவில் வீடு நடத்த முடியாது. தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தை முடியுங்கள். அதற்கு மேல் 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். படிப்பு முடிந்துவிட்டது என்று அவர் கவலைப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் மேலே ஏற அவசரப்பட வேண்டாம். இரண்டு வருடம் ஒரு பழுத்த கையின் கீழ் நில்லுங்கள். நல்லூர்ப் பக்கத்தில் ஐஸ்கிரீம் விற்கும் கூல்பார்கள், குருநகர், மயிலிட்டி மீன்காரர்களின் ஐஸ் தேவை என்று குடாநாட்டில் குளிர் நின்றால் பிழைப்பு நிற்கும் இடங்கள் பல. புதிய வீட்டுப் பெட்டிகளில் வரும் ஆர் 600ஏ வாயு தீப்பிடிக்கக்கூடியது. அது உள்ளே இருக்கும்போது சுவாலையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஆசிரியர் சொல்லியிருப்பார், நானும் சொல்லி வைக்கிறேன்.

புடைவைக் கடை வருடங்கள் வீண் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நூறு சேலையை விரித்துக் காட்டி, ஒன்றும் வாங்காமல் எழும்புகிறவரிடமும் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறீர்கள். திருத்துநர்கள் பலரிடம் இல்லாதது அதுதான். சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெட்டியின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டி, "கொம்பிரசர் போய்விட்டது" என்றார். ஏன், எப்படி என்று கேட்பதற்குள் படலையைத் தாண்டிவிட்டார். வந்து போனதற்குக் காசு மட்டும் மறக்காமல் வாங்கினார்.

பெட்டி இன்னும் குளிரவில்லை. அடுத்த முறை யாழ்ப்பாணம் வந்தால் ஆசிரியரையும் கேட்டுக்கொண்டு ஒரு எட்டு வந்து பாருங்கள். சவர்க்காரம் எங்கள் வீட்டில் இருக்கிறது.