டேட்டாபேஸில் போட்ட படம் பாதிதான் தெரிகிறது, ஏன்?

கோயில் உறுப்பினர் படங்களை மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றியிருக்கிறீர்கள்; சிலர் முழுதாக வருகிறார்கள், சிலருக்குக் கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம் என்கிறீர்கள். ஃபீல்டின் வகை 'ப்ளாப்' (படம் போன்றவற்றை அப்படியே பைட்டுகளாக வைக்கும் வகை) என்று பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. நானும் பட்டவன்.

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்கு ஸ்டாக் சிஸ்டம் செய்து கொடுத்தேன். மறுநாளே முதலாளியிடமிருந்து போன்: "உடல் தெரியுது, முந்தானை எங்க தம்பி? அதக் காட்டித்தான நாங்க விக்கிறோம்!" பிரவுசர், கேபிள், கேமரா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது.

வெறும் ப்ளாப் கொள்ளுவது 65,535 பைட், அவ்வளவுதான். சுருக்கிய படமே 100 கேபியைத் தாண்டிவிடும். ஸ்ட்ரிக்ட் மோட் (அளவுக்கு மீறிய டேட்டாவை ஏற்காமல் பிழை காட்டும் அமைப்பு) அணைந்திருந்தால், மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு வார்னிங்கோடு மைஎஸ்க்யூஎல் நகர்ந்துவிடும். சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் தலை தப்புகிறது. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே இருக்கும். உங்கள் ஹோஸ்டிங்கில் யாரோ அணைத்திருக்கிறார்கள், அல்லது பதிப்பு பழசு.

ஃபீல்டை மீடியம்ப்ளாப் ஆக்குங்கள், 16 எம்பி வரை தாங்கும். பிறகு நீளம் சரியாக 65,535 உள்ள வரிகளைத் தேடுங்கள். வெட்டுப்பட்டவர்கள் அவர்கள்தான். அந்தப் படங்களை மறுபடி வாங்கித்தான் ஏற்ற வேண்டும், போனது போனதுதான்.

காட்டும்போது படத்தை பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கிப் பக்கத்துக்குள்ளேயே திணிக்காதீர்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். படத்துக்கென்று தனி ஸ்கிரிப்ட் வைத்து, கன்டென்ட்-டைப் (வருவது என்ன வகைக் கோப்பு என்று பிரவுசருக்குச் சொல்வது) சரியாகச் சொல்லி அனுப்புங்கள்.

தண்ணீர்மலை தைப்பூச வீடியோவையும் உள்ளே போடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். லாங்ப்ளாப் 4 ஜிபி வரை கொள்ளும் என்பதற்காகப் போடக்கூடாது. வீடியோவை நடுவிலிருந்து ஓட்ட வெப் சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகத் தானே கொடுக்கும். ப்ளாப் என்றால் அதற்கான நிரலை நீங்கள் எழுத வேண்டும். பேக்கப்பும் வீங்கும். கோப்பை டிஸ்க்கில் வைத்து, பாதையை மட்டும் டேபிளில் எழுதுங்கள்.

சின்னப் படங்கள் உள்ளேயே இருக்கட்டும். ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006இல் தங்கள் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் சோதித்தபோது, 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸ், 1 எம்பிக்கு மேலே கோப்பு என்றுதான் வந்தது. உறுப்பினரை நீக்கினால் படமும் கூடவே போய்விடும் என்பது உங்களுக்கு இன்னொரு வசதி.

ஒன்று மட்டும்: பெயர்ப் பட்டியல் பக்கத்தில் 'செலக்ட் ஸ்டார்' (எல்லா ஃபீல்டையும் கொண்டுவரச் சொல்லும் கட்டளை) போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பெயர் கேட்டதற்கு எல்லாப் படமும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும்.