கையெழுத்தைப் போடு, அதற்கு முன் மாடிப்படியில் இறங்கிப் பார்

தங்கச்சி, நீ கேட்டிருந்தது இதுதான். பெங்களூர் டொம்ளூரில், லண்டன் கிளையன்ட்டுக்குக் கணக்கு எழுதும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாய். அறுபது பேர் வேலை பார்க்கும் ஆபீஸ், நாலாவது மாடி. சேர்ந்த அன்றைக்கே ‘பணியிட உடல்நலமும் பாதுகாப்பும்’ என்று ஒரு கத்தைத் தாளை நீட்டி, படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில கட்டிடுவாங்களோ அக்கா? உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற வேலைக்கு எதுக்கு இவ்வளவு?” என்று எழுதியிருந்தாய்.

சாத்தூர்ப் பக்கமிருந்து வருகிற யாருக்கும் இப்படித் தோன்றத்தான் செய்யும். தீப்பெட்டி ஆபீசையும் பட்டாசு ஆலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏசி போட்ட அறையில் என்ன ஆபத்து தெரியும்? நான் பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஆபீஸ் அட்மின் வேலைதான் பார்க்கிறேன். கட்டடத்துக்காரர், செக்யூரிட்டி, லிஃப்ட் மெக்கானிக், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் என்று இவர்களோடுதான் என் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கையெழுத்துப் போடலாம். அதனால் முதலாளியின் பொறுப்பு உன் தலைக்கு மாறிவிடாது. பணியிடப் பாதுகாப்புக்கென்று 2020-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆபீசுக்கும் அது பொருந்தும். ஆபத்தில்லாத வேலையிடத்தைத் தருவது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் காசு பிடிக்கக் கூடாது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். உன் பங்குக்கும் அதில் கடமை உண்டு: உன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் ஆபத்தில் மாட்டிவிடாமல் நடந்துகொள்வது, பாதுகாப்புக்காக வைத்திருக்கும் பொருளைக் கெடுக்காமல் இருப்பது, ஆபத்தாக எதையாவது பார்த்தால் சொல்வது. அந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. புது ஊர், புது வேலை, நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிடுகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

உன் கையில் இருக்கும் தாளைப் பார்த்தால் லண்டன் கிளையன்ட் அனுப்பியதை அப்படியே பெயர் மாற்றி அச்சடித்திருப்பார்கள் போலிருக்கிறது. இங்கே நிறையக் கம்பெனிகளில் அப்படித்தான். பிரிட்டனில் 1974-லேயே வேலையிடப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1992-இல் கம்ப்யூட்டர் திரை பார்த்து வேலை செய்கிறவர்களுக்கென்றே தனி விதிகளும் வந்தன. ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. அந்தச் சட்டம் டொம்ளூருக்கு வராது. ஆனாலும் உன் கம்பெனி தன் பெயர் போட்ட தாளில் அதை அச்சடித்து உன்னிடம் கொடுத்திருந்தால், அது கம்பெனியே உனக்குக் கொடுத்த வாக்கு. கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள். ஒரு பிரதியை உன் சொந்த மெயிலுக்கும் அனுப்பி வைத்துக்கொள்.

சரி, இப்போது நெருப்புக்கு வருகிறேன். நீ வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் என்ற கட்டடம் இருக்கிறது. 2010 பிப்ரவரி 23, வேலை நாள், சாயங்கால நேரம். மின்சாரக் கம்பிகள் மாடிக்கு மாடி ஏறிப்போகும் குழியில் தீப்பிடித்தது. அந்தக் குழியே அடுப்படிப் புகைபோக்கி மாதிரி வேலை செய்து, கீழே கிளம்பிய புகையை மேல் மாடிகளுக்கெல்லாம் கொண்டுபோனது. மூச்சுவிட முடியாமல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு, மேலேயிருந்து குதித்தவர்களும் உண்டு. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியும் அடைத்தும் கிடந்தன என்று அன்றைய செய்திகளில் படித்தேன். உன்னையும் என்னையும் போல ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான் அவர்கள். பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து ‘பியாண்ட் கார்ல்டன்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, தீ விபத்துப் பாதுகாப்புக்காக வேலை செய்கிறார்கள்.

அதனால் நான் சொல்வதை நாளைக்கே செய். டிபன் நேரத்தில் லிஃப்ட்டை விட்டுவிட்டு, ஃபயர் எக்ஸிட் என்று பச்சை போர்டு தொங்கும் கதவைத் தள்ளிப் பார். சாவி இல்லாமல், ஒரே தள்ளில் திறக்க வேண்டும். திறந்த பிறகு படியில் தரைவரை இறங்கு. வழியில் என்ன கிடக்கிறது, விளக்கு எரிகிறதா, கீழே போய்ச் சேரும் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீசில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உடைந்த சுழல் நாற்காலிகள், பேப்பர் பண்டல், காலி தண்ணீர் கேன்கள், தீபாவளிக்கு வாங்கிய அலங்காரத் தோரணப் பெட்டி எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். கீழ்க்கதவில் சங்கிலி போட்டிருந்தார்கள். கேட்டால், லேப்டாப் திருட்டுப் போகிறது மேடம் என்றார் செக்யூரிட்டி. சாவி அவர் பாக்கெட்டில், அவரோ முன்வாசலில். புகை சூழ்ந்த படியில் நூறு பேர் நின்று தட்டினால் அவர் காதில் விழுமா? திருட்டுக்குக் கேமரா வையுங்கள், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பித் தாழ்ப்பாள் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, அந்தச் சங்கிலி கழன்று விழுகிறவரை விடாமல் கேட்டேன்.

அப்படி ஏதாவது உன் கண்ணில் பட்டால் வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடாதே. நாலு வரி மெயில் போடு, அட்மினுக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து. “இன்று மதியம் கிழக்குப் பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கினேன். இரண்டாவது மாடியில் பழைய நாற்காலிகள் வழியை மறிக்கின்றன. கீழ்க்கதவு பூட்டியிருக்கிறது. படம் இணைத்துள்ளேன். எப்போது சரிசெய்வீர்கள் என்று தெரிவித்தால் நல்லது.” இவ்வளவு போதும். கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இது புகார்கூட இல்லை, சட்டம் உன்னைச் செய்யச் சொல்கிற வேலை. எழுத்தில் வந்துவிட்டால், எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தீயணைக்கும் சிலிண்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன வட்ட மீட்டர் இருக்கும் (கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் இருக்காது). முள் பச்சையில் நிற்க வேண்டும். அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற தேதியும் சீட்டில் இருக்கும். கம்ப்யூட்டர், யூ.பி.எஸ். பக்கம் தீ என்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் நல்லது, தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. பின்னை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து அடிக்க வேண்டும். ஒரு குப்பைக் கூடை அளவு நெருப்பென்றால் முயன்று பார், அதற்கு மேல் என்றால் அலாரத்தை அடித்துவிட்டுப் படியைப் பார்த்து நட. புகை இருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும், நல்ல காற்று தரைப்பக்கம்தான் இருக்கும். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே. பையை எடுக்கிறேன், சார்ஜரை எடுக்கிறேன் என்று திரும்பிப் போகாதே. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எதற்கும் பொதுவாக 112.

ஆபீஸ் தீ பெரும்பாலும் மின்சாரத்தில்தான் கிளம்பும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதில் கெட்டில், டிசம்பர் குளிருக்கு மேசைக்கடியில் ஹீட்டர், இப்படி ஒன்றின் மேல் ஒன்று மாட்டுவதை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். உன் மேசையில் அது வேண்டாம். பக்கத்து மேசையில் இருந்தாலும் சொல்.

இன்னொன்று. ஃபயர் டிரில் நடக்கும்போது மைக்கில் ஆங்கிலத்தில் அறிவிப்பார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கி வாசலில் நின்று பெயர் சொல்வார்கள். பாத்ரூம் கழுவுகிற அம்மாவும் பேன்ட்ரியில் காபி போடுகிற பையனும் மேலேயே இருப்பார்கள். அவர்கள் பெயர் கான்ட்ராக்டரின் ரிஜிஸ்டரில்தான் இருக்கும், ஆபீஸ் பட்டியலில் இருக்காது. இது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் இந்த வேலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையுறை இல்லாமல் ஆசிட் ஊற்றுகிறார்கள், ஈரத்தரையில் மஞ்சள் போர்டு வைக்காமல் துடைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கூரையின் கீழ் வேலை செய்கிற எல்லோரையும் பாதுகாக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. அடுத்த டிரில்லில் பெயர் வாசிக்கும்போது அவர்கள் பெயரும் இருக்கிறதா என்று கேள். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தமிழில் நீயே சொல்லிக்கொடுத்துவிடு.

முதுகுவலி பற்றிக் கேட்டிருந்தாய். லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். ஸ்டாண்ட் கேள், தனி கீபோர்டு கேள். வரும்வரை பழைய ஃபைல்களை அடுக்கி அதன்மேல் வை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு இருக்கட்டும், ஒரு கை நீளம் தள்ளி. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது வினாடி பார். அப்புறம், எழுந்து போய்த் தண்ணீர் குடி. எந்த நாற்காலியும் எட்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார ஏற்றதில்லை.

வேலை நேரமும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான். கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை விடாமல் வேலை வாங்கக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இதையெல்லாம் காற்றில் விடுவார்கள். நீ எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்று ஒரு நோட்டில் குறித்து வை.

லண்டன் நேரத்துக்கு வேலை என்பதால் இரவு பத்தரை, பதினொன்றுக்குத்தான் கிளம்புவாய். இரவு ஏழு மணிக்குமேல் பெண்களை வேலை வாங்க அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கும் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். 2005 டிசம்பரில் இந்த ஊரில் ஒரு கால் சென்டர் பெண்ணை, வேலைக்குக் கூட்டிப்போக வந்தவன் என்று நம்பி வண்டியில் ஏறியவளை, கொன்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆபீஸ் வண்டிகள் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பியது. வண்டி எண்ணும் டிரைவர் படமும் உன் போனில் வந்ததோடு ஒத்துப்போனால் மட்டும் ஏறு. கடைசியாக இறங்குகிறவள் நீ என்றால் கூடவே காவலர் வர வேண்டும் என்று கேள். அதைக் கேட்க யாருடைய முகத்தையும் பார்க்காதே.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வண்டிக்கும் பொருந்தும், கம்பெனி ஏற்பாடு செய்கிற போக்குவரத்தும் வேலையிடம்தான். பத்துப் பேர் இருந்தாலே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். ஒரு மூத்த பெண் ஊழியர் தலைமை, பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொள். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும்.

எழுதியும் கம்பெனி அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை இருக்கிறது. பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவன் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன்.

கடைசியாகக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள். உன் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அதில் பலன் உண்டு. உனக்குப் பக்கம் இந்திராநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. சம்பளம் அதற்கு மேல் என்றால் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் உன் பெயர் ஏறிவிட்டதா, அம்மா அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே ஹெச்.ஆரிடம் கேள். எந்தக் காப்பீடாக இருந்தாலும் அதன் எண்ணையும், ஆபீஸ் நம்பர் ஒன்றையும் சாத்தூரில் அம்மாவிடமும், உன் பி.ஜி.யில் கூடத் தங்கியிருக்கும் பெண்ணிடமும் கொடுத்து வை.