நேற்று வீங்கிய விரல் இன்று எங்கே?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறேன். வயது 43. ஒன்பது வருடமாகத் தலையிலும் காதுக்குப் பின்னாலும் சொரியாசிஸ் இருக்கிறது. இரண்டு வருடமாக மூட்டு வலி. ஒரு வாரம் கத்தியைப் பிடிக்கவே முடியாது, அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. ரத்தம் பார்த்ததில் வாதம் இல்லை என்று வந்தது. யூரிக் அமிலம் கூடுதல் என்று அதற்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது ஒரு டாக்டர் இது சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சொரியாசிஸோடு வரும் மூட்டு நோய் என்று சொல்லி, வாரம் ஒரு முறை சாப்பிட மெத்தோட்ரெக்சேட் தந்திருக்கிறார். வலி இல்லாத வாரமும் சாப்பிட வேண்டுமா? மீனை நிறுத்தணுமா? வீட்டில் எனக்கு வேலைக்குப் போக மடி என்கிறார்கள்.

பதில்: சாப்பிட வேண்டும். வலி இருக்கிற வாரமும் இல்லாத வாரமும்.

மெத்தோட்ரெக்சேட் வலி மாத்திரை அல்ல. விழுங்கியவுடன் வலியைக் குறைக்கும் வேலை அதற்குத் தெரியாது. உங்கள் உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் உங்கள் தோலையும் மூட்டையுமே தாக்குகிறது. அதை மெல்ல அடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் பிடிக்கும். நிறுத்தினாலும் அடுத்த நாளே வலி வராது, சில வாரம் கழித்துத்தான் வரும். அதனால்தான் பலரும், "நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஏமாந்து போகிறார்கள். வலி மாத்திரையை வலிக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குள். மெத்தோட்ரெக்சேட்டில் அந்தக் கணக்கு கூடாது.

இதில் நான் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டுவிடுவது. இதனுடன் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைதான். இருட்டில் எழுந்து, கண்ணாடி போடாமல், டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்தால் மாறிப்போகும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஞாயிறு ராத்திரி என்பது போல ஒரு கிழமையை முடிவு செய்து, அட்டையின் மேல் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட்டை வேறொரு டப்பாவில் வையுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. சாராயம், பிராந்தி எதுவும் ஆகாது. கருத்தரிக்க வாய்ப்பு இருந்தால் இந்த மருந்தே கூடாது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். கோ-டிரைமாக்சசோல் போன்ற சில மருந்துகள் இதனுடன் சேரவே கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தவணையில் செய்ய வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொள்ளலாம்.

சரி, வலி ஏன் இப்படி வந்து வந்து போகிறது? இந்த நோயின் சுபாவமே அதுதான். சொரியாசிஸ் உள்ள 100 பேரில் 30 பேர் வரைக்கும் மூட்டிலும் இது வரலாம். பெரும்பாலும் தோலில் வந்து பல வருடம் கழித்துத்தான் மூட்டுக்கு இறங்கும். தோல் மோசமாக இருக்கும்போது மூட்டு சும்மா இருக்கலாம், மூட்டு வீங்கும்போது தோல் சுத்தமாக இருக்கலாம். இந்த மாதம் நடுவிரல், அடுத்த மாதம் குதிகால், அதற்கப்புறம் இடுப்பு. மூட்டில் மட்டுமில்லாமல், தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடங்களிலும் அழற்சி வருவதால்தான் காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது. ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக வீங்குவதும், நகத்தில் குண்டூசியால் குத்தியது போல் குழிகள் விழுவதும் இதன் முத்திரைகள். உங்கள் நகத்தை இப்போதே வெளிச்சத்தில் பாருங்கள்.

"வாதம் இல்லை" என்று வந்த அந்தப் பரிசோதனை முடக்குவாதத்துக்கானது. இந்த நோயில் அது பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் கூடச் சிலருக்குச் சாதாரணமாகவே இருக்கும். சொரியாசிஸில் தோல் வேகமாகச் செத்துப் புதுப்பிப்பதால் யூரிக் அமிலமும் சற்றுக் கூடலாம். எனவே முன்பு பார்த்தவர் தடம் மாறியதில் ஆச்சரியம் இல்லை. இதைச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. தோலையும் நகத்தையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் தோலுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று போகிறோம். இவரிடம் அதையும் அவரிடம் இதையும் சொல்வதில்லை.

உங்கள் வேலையில் ஒரு கஷ்டம் கூடுதல். இந்த நோயில் விறைப்பு அதிகாலையில்தான் உச்சம். அரை மணி, ஒரு மணி நேரம் விரல் மடங்காது; அசைய அசையத்தான் இளகும். வெளுக்கும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவருக்கு, கை மோசமாக இருக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றாகிவிடுகிறது. மத்தியானம் உங்களைப் பார்ப்பவருக்கு நீங்கள் நன்றாகத்தான் தெரிவீர்கள். மடி என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. அந்த உடம்பு அசதியும் நோயின் ஒரு பகுதிதான், சோம்பல் அல்ல.

எழுந்ததும் ஒரு பாத்திரம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, பத்து நிமிடம் விரல்களை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்புங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, கத்தியின் பிடியில் தடிமனாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒல்லியான பிடியை இறுக்கும்போதுதான் விரல் மூட்டுக்குப் பாரம் அதிகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்றால், ரப்பர் ஷீட் அடிப்பதையும் துணி துவைப்பதையும் ஒரே நாளில் குவிக்காதீர்கள். பால் உறைய ஆசிட் ஊற்றும்போது கையுறை கட்டாயம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் வெட்டோ சிராய்ப்போ பட்டால் அந்தக் காயத்திலேயே புதிதாகப் படை கிளம்பலாம்.

இதே காரணத்தால் தடவலிலும் கவனம் வேண்டும். நம் மாவட்டத்தில் கை கடுத்தால் முதலில் வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம்தான் போவோம். வீக்கமில்லாத நாளில் இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீங்கிச் சுடுகிற மூட்டை அமுக்கித் திருகுவது மட்டும் வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லாத பொடியும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்கும். ஆனால் நிறுத்தியதும் சொரியாசிஸ் உடம்பு முழுக்கப் பொங்கிவிடலாம்.

மீனா? தாராளமாகச் சாப்பிடுங்கள். சாளையும் அயிலையும் நல்லதே, பொரிப்பதை விடக் குழம்பாக. எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது மூட்டுக்கும் உதவும், மருந்தும் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மீனை விட மரச்சீனிக் கிழங்கின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் டாக்டரைப் பாருங்கள்; இந்த நோய் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு சிவந்து சுட்டால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். வாய்ப்புண், விடாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள், அவரைக் கேட்காமல் மெத்தோட்ரெக்சேட்டின் அடுத்த தவணையைச் சாப்பிடாதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் இது போதவில்லை என்றால் வேறு மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. ஊசி தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள், பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டு. டாக்டரைப் பார்க்கிற நாள் பெரும்பாலும் நல்ல நாளாகத்தான் அமையும், ஏனென்றால் மோசமான நாளில் பஸ் ஏற முடியாது. அதனால் விரல் வீங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். காலையில் விரல் இளக எத்தனை நிமிடம் ஆனது, எந்த மூட்டு, தோல் எப்படி, அசதி எப்படி என்று நாளுக்கு ஒரு வரி போதும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நோட்டையும் போனையும் எடுத்துப் போங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.