பெட்டிக்குள் ஒளிந்த நீராவி எஞ்சின்

கேள்வி: பிரித்தானியாவின் பழைய நீராவி ட்ராம் எஞ்சின்களை இன்றும் பலர் தேடிச் சென்று பார்ப்பது ஏன்? – ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: முதல் காரணம் அவற்றின் உருவம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 1905 இல் வந்த புகையிரதம் கரும்புகை கக்கியபடி ஓடியது. தெருவில் மக்களுக்கும் குதிரைகளுக்கும் இடையே ஓடிய ட்ராமுக்கோ, பிரித்தானியாவின் 1879 ஆம் ஆண்டு ட்ராம் சட்டத்தையொட்டிய விதிகள் அந்தச் சுதந்திரத்தைத் தரவில்லை. ஆகவே சக்கரங்களைத் தகட்டால் மூடி, புகை குறைந்த கற்கரியை எரித்து, வேலை முடித்த நீராவியைக் கூரைமேல் வளைந்து கிடந்த மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் செலுத்தி, காற்றிலேயே குளிரவைத்து நீராக்கினார்கள். என் மனத்தைக் கவர்ந்தவை அந்தக் குழாய்களே. லீட்ஸ் நகரின் கிற்சன் நிறுவனம் 1881 இல் கட்டிய ஓர் எஞ்சின், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இன்றும் அன்போடு பேணப்படுகிறது.