பொன்னேரியில் நிற்கும் சைக்கிள்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும் என்று போன ஆண்டு ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினோம். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய்வரக் கிளம்பினோம். ஒருவழி 50 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பாடு. என் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர், அவள் வேகம் 14. அதனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நான் நின்று அவளுக்காகக் காத்திருந்தேன். பொறுமையாகவே காத்திருந்தேன். அவள் வந்ததும் நேரத்தை வீணாக்காமல் கிளம்பிவிடுவோம். பொன்னேரியில் அரை மணி நேரம் டிபன், 9 மணிக்குப் பழவேற்காடு.

திரும்பும்போது பொன்னேரி வந்ததும் அவள் ஒரு டீக்கடை ஓரமாகச் சைக்கிளைப் பூட்டினாள். ஒன்றும் பேசாமல் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளி நாட்களில் அரசு கொடுத்த சைக்கிளில் போய்ப் பழகியவள்தான். இருந்தாலும் பெண்களுக்கு நெடுந்தூரம் கொஞ்சம் கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. முட்டி வலிக்கிறது என்கிறாள். கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

(பெயர் வேண்டாம்)

பின்குறிப்பு: அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. ஏரியில் பூநாரைகள் நின்றன. இவர் பார்க்கவில்லை. – அவர் மனைவி.

*

அன்புள்ள நண்பருக்கு,

கியர் சைக்கிள் வாங்குங்கள். பாலங்களை விட்டால் மேடே இல்லாத பாதை அது. ஆனாலும் எதிர்காற்றில் கியர் உதவும். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்துக்குச் சீட்டை ஏற்றுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

பெண்களுக்குக் கஷ்டம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்களே அழித்திருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, வயல்வேலைக்குப் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டு, முன்னால் பிள்ளையையும் பின்னால் தண்ணீர்க் குடத்தையும் வைத்து ஓட்டினார்கள். உங்கள் மனைவிக்குக் கிடைத்த அரசு சைக்கிளும் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டத்தில் வந்ததுதான். நீங்கள் பள்ளிக்கு எதில் போனீர்கள் என்று எழுதவில்லை. போகட்டும்.

என்னை உட்காரவைத்த வரி வேறு. "பொறுமையாகவே காத்திருந்தேன். அவள் வந்ததும் நேரத்தை வீணாக்காமல் கிளம்பிவிடுவோம்."

தம்பி, ஒரு தாளை எடுங்கள். மணிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து கிலோமீட்டரைக் கடக்க உங்களுக்கு ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். 14இல் வருகிறவருக்கு 21 நிமிடத்துக்கும் மேல். அப்படியென்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள் ஐந்தரை நிமிடம் புளியமரத்தடியில் நிற்கிறீர்கள். தண்ணீர் குடிக்கிறீர்கள், வியர்வையைத் துடைக்கிறீர்கள், செல்போனைப் பார்க்கிறீர்கள், மூச்சு சமனாகிறது. அவர் வந்து சேர்கிறார், ஒரு காலைத் தரையில் ஊன்றுகிறார். "போகலாமா?" என்கிறீர்கள். அவருக்கு ஓய்வு எங்கே?

கணக்கை முழுதாகப் போட்டுவிடுகிறேன், பாதியில் விட்டால் தப்பித்துவிடுவீர்கள். 50 கிலோமீட்டரில் நீங்கள் உண்மையில் மிதித்தது 2 மணி 38 நிமிடம். அவர் மிதித்தது 3 மணி 34 நிமிடம். நீங்கள் பழவேற்காட்டில் கால் வைத்தபோது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓய்வெடுத்திருந்தீர்கள். டிபன் சாப்பிட்ட அரை மணி நேரம் இருவருக்கும் பொது. அதைத் தவிர அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றரை மணி நேரம் இடைவிடாமல் மிதிக்கத் தெரிந்தவருக்குத்தான் நெடுந்தூரம் கஷ்டம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். உங்களால் முடியுமா என்று ஒருநாள் நிற்காமல் ஓட்டிப் பாருங்களேன்.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் பிரெவே என்று ஓடுகிறார்களே, பிரான்சில் தோன்றி நம் சென்னை வரை வந்துவிட்ட ஓட்டம், அதில் 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் 13 மணி 30 நிமிடம். சாப்பாடு, பஞ்சர், தூக்கக்கலக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் மனைவியின் 14 அதற்குப் பக்கத்து வீடு.

காற்றையும் சொல்ல வேண்டும். தை மாதத்தில் அந்தப் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். எதிர்காற்றில் பலசாலி முன்னால் போகலாம். அதற்கு ஒரு பொருள் உண்டு: பின்னால் வருகிறவருக்கு அவர் முதுகு காற்றை மறைக்கும். ஆனால் அதற்கு ஒரு சைக்கிள் நீளத்துக்குள் இருக்க வேண்டும், பின்னால் வருகிறவரின் வேகத்தில் போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் முதுகு எதையும் மறைக்காது. இன்னொன்று, உங்கள் மனைவி சைக்கிளைப் பூட்டியது திரும்பும் வழியில். சமதளம், பின்காற்று. அந்த இடத்தில் கால் வலிக்காக ஒருவர் இறங்குவார் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கடிதம் வருவதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்புதான் என் அப்பாவின் சைக்கிளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெர்குலஸ். அம்பத்தூர் தொழிற்சாலையில் செய்தது, அப்பாவிடம் வந்தபோது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிக் கழித்தது. முழுச் செயின் கவர் போட்ட, இரும்புக் கட்டில் மாதிரி கனக்கிற வண்டி. 1970களின் தொடக்கம். மீஞ்சூருக்கு அப்பால் அம்மாவின் ஊர். காணும் பொங்கலன்று மூன்று பேரும் அந்த ஒரே சைக்கிளில் போவோம். பார் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் நான், கேரியரில் ஒருபக்கமாக அம்மா, மடியில் கரும்புத் துண்டும் வெற்றிலைப் பாக்கும் கட்டிய பை. டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும் காலம். காவலர் நிற்கிற முனைகளில் அம்மா இறங்கி, யாரோ எவரோ போல எங்களைத் தாண்டி நடந்துபோவார். நாங்களும் அவரைத் தெரியாதது போலப் போவோம். எனக்குச் சிரிப்பு வரும், அப்பா தொடையில் கிள்ளுவார்.

மணலியைத் தாண்டினால் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். பாலம் ஏறுவதற்கு முன் அம்மா தானாகவே குதித்துவிடுவார். அப்பா நிறுத்தவே வேண்டாம், வண்டியின் கனம் சட்டென்று குறைவது பாரில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியும். அப்பா எழுந்து நின்று மிதித்து என்னை மறுகரைக்குக் கொண்டுபோய், சரிவு முடிகிற இடத்தில் ஸ்டாண்டு போடுவார். அம்மா வெயிலில், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். அதுவரை அப்பா சும்மா நின்று பீடி பிடிப்பார். அம்மா கிட்டே வந்ததும் பீடியை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்துக்கு அருகில் குந்துவார்.

"செயின் இழுக்கிறது" என்பார்.

பெடலைப் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றுவார். ஃப்ரீவீல் கிர்ர்ரென்று ஓடும், நிற்கும். காதைக் கவரின் அருகே கொண்டுபோய்க் கேட்பார். மறுபடியும் சுற்றுவார். விரல் முட்டியால் கவரை இரண்டு தட்டு தட்டுவார். அம்மா பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். கிர்ர், தட்டு, கிர்ர். கடைசியில் அம்மாதான், "என்ன, ஆயிற்றா?" என்று கேட்பார். அவர் கேட்கும் வரை அந்தச் செயின் சரியாகவே ஆகாது.

எனக்குப் பதினான்கு வயதில் அந்த சைக்கிள் என் கைக்கு வந்தது. செயினுக்கு எண்ணெய் போடலாம் என்று கவரைக் கழற்றப் போனால், திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பல வருடங்களாக யாரும் அவற்றைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் ஏதோ பேச்சில் அந்தப் பாலம் வந்தது. "அந்த வண்டியில் செயின் ஒருநாளும் கெட்டதில்லை" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படியொரு மனிதரின் மகன் உங்களைவிட நல்லவனாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் பழவேற்காடு போனோம், இதே பொன்னேரி வழியாக. திருப்பாலைவனத்தில் ஒரு மரத்தடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அவள் வந்தாள், முகமெல்லாம் சிவந்திருந்தது. "போகலாமா?" என்றேன். அதே சொல். அவள் ரயிலேறவில்லை, சண்டையும் போடவில்லை. வீடு வரை ஓட்டினாள். அடுத்த முறை கூப்பிட்டபோது, "நீங்கள் போய்வாருங்கள்" என்றாள். அதன்பிறகு இருபது வருடங்களுக்கு மேல் நான் மட்டும் போய்வந்தேன். அந்தச் சொல்லை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் மனைவி வழியிலேயே சைக்கிளைப் பூட்டியது உங்களுக்கு அதிர்ஷ்டம்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். இரண்டு வேகம் இருக்கிறது, மூன்று நேரம் இருக்கிறது. ஒரு மரம்கூட இல்லை. மீஞ்சூர் வரை கன்டெய்னர் லாரிகளின் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறோம், அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வலப்பக்கம் தொலைவில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மட்டும் கூடவே வரும். ஆனால் பொன்னேரிக்குப் பிறகு? சம்பா அறுவடைக் காலம். கதிரைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள், வைக்கோல் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், இறங்கி உருவ வேண்டும். சாலையோரத்தில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக இருக்கும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்தவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். நீங்கள் 9 மணிக்கு வந்தேன் என்று எழுதுகிறீர்கள். வந்து என்ன செய்தீர்கள்?

பூநாரையைப் பற்றி எழுதிய அம்மணிக்கு: நீங்கள் சொன்னது சரி, கடிதத்தில் விட்டுப்போனது அது ஒன்றுதான். அவை எத்தனை நின்றன, நின்றனவா மேய்ந்தனவா என்று தனியாக எழுதுங்கள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசும், பார்த்தீர்களா? மார்ச் வரை இருக்கும்.

நண்பரே, ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவேயில்லை. பொன்னேரியில் பூட்டிய அந்தச் சைக்கிள் என்ன ஆயிற்று? போய் எடுத்துவந்தீர்களா, அல்லது இன்னும் அந்த டீக்கடை ஓரத்திலேயே நிற்கிறதா? கடைக்காரர் எத்தனை நாள்தான் பார்த்துக்கொள்வார். சாவி யாரிடம் இருக்கிறது?